பழைய பாத்டப்ல பூச்செடி: என்ன கோளாறுன்னு பார்த்து சரி பண்றது எப்படி

பழைய பாத்டப்பை தூக்கிப் போட மனசு வராம வெளிய இழுத்துட்டு வந்து மண்ணைக் கொட்டி செடி வெச்சாச்சு, கொஞ்ச நாள் பார்க்க ஜோரா இருந்துச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா வாட ஆரம்பிச்சு இப்ப உரம் போடறதா மருந்து அடிக்கிறதான்னு முழிச்சிட்டு இருக்கீங்கன்னா, ரெண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வைங்க. பாத்டப்ங்கிறது தண்ணி ஒரு சொட்டு கூட வெளிய போகக்கூடாதுன்னு செஞ்ச சாமான், பூந்தொட்டியோட வேலை அதுக்கு நேர் எதிர். அதனால இதுல வர்ற முக்காவாசி கோளாறு இலையில தெரியும், காரணம் மட்டும் அடியில தண்ணி போற ஓட்டைகிட்ட இருக்கும். கீழ எந்த அறிகுறி உங்களுக்கு பொருந்தினாலும் சரி, முதல்ல குனிஞ்சு டப்புக்கு அடியில பாருங்க, அப்புறம் செடியைப் பாருங்க.

அதுக்கு முன்னாடி உங்க டப் எந்த ரகம்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா சரி பண்ற விதம் ஒவ்வொண்ணுக்கும் மாறும். ஒரு காந்தத்தை எடுத்து பக்கவாட்டுல வைங்க. ஒட்டலன்னா அக்ரிலிக்கோ ஃபைபரோ. ஒட்டினா இரும்பு, அதுல தட்டிப் பார்த்து மொத்தமா "தொம்"னு கேட்டா காஸ்ட் அயர்ன், "டங்"னு அதிர்ந்தா எனாமல் பூசின ஸ்டீல் தகடு. காஸ்ட் அயர்ன் டப் காலியா இருக்கும்போதே 100 கிலோவுக்கு மேல சர்வசாதாரணமா வரும், நாலு பேர் சேர்ந்தாதான் நகரும், அதனால கேட்கவே தேவையில்ல, தூக்கினவங்களுக்கே தெரியும்.

தண்ணி ஊத்தினா மேலயே தேங்கி நிக்குது

இதுதான் நம்பர் ஒன் புகார், இதை சரி பண்ணாலே பாதி லிஸ்ட் காணாம போயிடும். ஊத்தின தண்ணி ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல மண்ணு மேல குளமா நின்னா, இல்ல மேல உறிஞ்சிட்டு அடியில அரை மணி நேரம் ஆகியும் ஒரு சொட்டு வரலன்னா, வழி அடைச்சிருக்கு.

முதல்ல வேஸ்ட் கப்ளிங், அதாவது டப்போட அடியில இருக்கிற அந்த ஒரிஜினல் ஓட்டை. அடியிலிருந்து ஒரு கம்பியை உள்ள விட்டு மெதுவா குத்திப் பாருங்க, கம்பியோட நுனியில ஒட்டிட்டு வர்ற மண்ணை மோந்து பாருங்க. பழுப்பு நிறத்துல மழை பெஞ்ச மண் வாசனை வந்தா வெறும் அடைப்புதான், குத்தி விட்டா ஓடிடும். கருநீலமா, சாம்பல் கலந்த கருப்பா, அழுகின முட்டை நாத்தத்தோட வந்தா அங்க காத்தே இல்லாம ரொம்ப நாளா தண்ணி நிக்குதுன்னு அர்த்தம், வேரும் அழுகியிருக்கும், அது வேற கதை, கீழ வரேன்.

நிறைய பேர் டப்பை கழட்டி எடுக்கும்போது அடியில இருக்கிற வளைஞ்ச டிராப் பைப்பையும் சேர்த்தே கொண்டு வந்து அப்படியே விட்டுடறாங்க. அந்த வளைவு எப்பவும் தண்ணியைப் புடிச்சு வெக்கத்தான் இருக்கு, பாத்ரூம்ல சாக்கடை நாத்தம் மேல வராம இருக்க அது வேணும், தோட்டத்துல அதுக்கு ஒரு வேலையும் கிடையாது, மண்ணு இறங்கி சேறா அடைக்கிறதும் அங்கதான் கொசு முட்டை போடறதும் அங்கதான். கழட்டிடுங்க. கப்ளிங்குக்கு உள்பக்கம் இருக்கிற ஸ்டாப்பரையும் எடுத்துட்டு, ஓட்டை மேல ஷேட் நெட்டோ பிளாஸ்டிக் வலையோ ஒரு துண்டு போட்டா போதும்.

அடுத்தது டப் தரையோட ஒட்டி உட்கார்ந்திருக்கா பாருங்க. கால் இல்லாத டப்பை சிமெண்ட் தரையில அப்படியே வெச்சிருந்தா ஓட்டை தரையில பதிஞ்சு மூடிக்கும், தண்ணி எங்க போகும்? ரெண்டு வரிசை செங்கல் மேல ஏத்துங்க, ஆனா ஓட்டைக்கு நேர் கீழ காலியா இருக்கணும், அக்ரிலிக், ஃபைபர் டப்னா செங்கல் மட்டும் பத்தாது, அடி முழுக்க தாங்கல் வேணும், கடைசியில வரேன்.

அப்புறம் சாய்வு. டப்போட தரை ஏற்கனவே வேஸ்ட் ஓட்டை பக்கம் லேசா சரிஞ்சுதான் வரும், ஆனா அது விளிம்பு மட்டமா இருக்கும்போதுதான். வெளிய மேடு பள்ளமான இடத்துல வெச்சா அந்த சரிவு உல்டா ஆயிடும், தண்ணி போய் நாம முதுகு சாய்க்கிற பக்கம் தேங்கும். விளிம்பு மேல ஸ்பிரிட் லெவல் வெச்சுப் பாருங்க. ஓட்டை பக்கம் ஒரு செண்டிமீட்டர் இறங்கியிருந்தா நல்லதுதான், எதிர்ப்பக்கம் இறங்கியிருந்தா ஆப்பு வெச்சு ஏத்தணும். மண்ணோட முழுசா தூக்க ட்ரை பண்ணாதீங்க, முக்கியமா பழைய காலத்து கால் வெச்ச டப்பா இருந்தா, அந்த கால் நிறைய மாடல்ல வெறுமனே சொருகி இருக்கும், தூக்கின உடனே நழுவி கீழ விழும், காலா விரலான்னு பார்க்காது.

இதெல்லாம் சரியா இருந்தும் தண்ணி மெதுவாதான் போகுதுன்னா ஓட்டை பத்தல. ஒன்றரை மீட்டர் நீள டப்புக்கு ஒரே ஒரு ஓட்டைங்கிறது கஷ்டம், ஒரு வேர் போய் அடைச்சாலே போச்சு. தரையில தாழ்வான கோடு எங்க இருக்கோ அங்க 12 எம்எம் சைஸ்ல எட்டு பத்து ஓட்டை போட்டுடுங்க.

அக்ரிலிக்ல சாதாரண ட்ரில் பிட்டே போதும், ஸ்பீடை குறைச்சு, அழுத்தாம, வேகமா விட்டா உருகி பிட்டுல சுத்திக்கும். ஃபைபர்னா மாஸ்க் போட்டுக்கோங்க, அந்த தூசி உள்ள போகக்கூடாது. எனாமல் டப்புக்குத்தான் பொறுமை வேணும். எனாமல்ங்கிறது இரும்பு மேல உருக்கி ஒட்டின கண்ணாடிதான், அதனால ஹேமர் மோடை ஆஃப் பண்ணிட்டு, மாஸ்கிங் டேப்பை குறுக்கும் நெடுக்குமா ரெண்டு அடுக்கு ஒட்டி, கண்ணுக்கு கிளாஸ் போட்டுட்டு, டைல்ஸ் ஓட்டை போடற பிட்டால மெதுவா ஆரம்பிங்க. வெள்ளைப் பொடியா வந்துட்டு இருக்கும், அது எனாமல். திடீர்னு பொடி கலர் மாறும், கருஞ்சாம்பலா மாவு மாதிரி வந்தா காஸ்ட் அயர்னைத் தொட்டாச்சு, பளபளன்னு சுருள் சுருளா வந்தா ஸ்டீல். அந்த இடத்துல நிறுத்தி இரும்பு பிட்டுக்கு மாத்திடணும், டைல்ஸ் பிட்டையே வெச்சு தள்ளினா மொட்டையா போயிடும். ஸ்டீலுக்கு ரெண்டு சொட்டு ஆயில் விட்டுக்கோங்க, காஸ்ட் அயர்னுக்கு தேவையில்ல, அதுக்குள்ளயே கிராஃபைட் இருக்கிறதால தானா வழுக்கிக்கும்.

மண்ணு ஏற்கனவே உள்ள இருக்கு, கொட்ட முடியாதுன்னா கால் வெச்ச டப்பா இருந்தா அடியிலிருந்து பேட்டரி ட்ரில்லால போடலாம், ஈர மண்ணு மேல கொட்டும்போது கரண்ட் ஒயர் வெச்ச மெஷினைக் கையில எடுக்காதீங்க. இப்படி போட்டா உள்பக்க எனாமல் ஓட்டையைச் சுத்தி பெயர்ந்து வரும், நாளடைவுல அங்க துரு ஏறும், ஆனா செடி மூழ்கி சாகறதுக்கு இது எவ்வளவோ பரவாயில்ல.

அடியில ஜல்லி எல்லாம் போட்டுதான் வெச்சேன், அப்பவும் அழுகுது

ஜல்லி போட்டதாலதான் இன்னும் மோசம்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. ஒரு ஸ்பாஞ்சை நல்லா நனைச்சு படுக்கை வசமா புடிச்சு சொட்டறது நிக்கிற வரைக்கும் காத்திருங்க, நின்ன பிறகு அதையே செங்குத்தா நிமிர்த்துங்க, மறுபடியும் தண்ணி ஊத்தும். உயரம் கூடினதுதான் வித்தியாசம், வேற ஒண்ணும் மாறல. மண்ணும் அப்படித்தான், எந்த தொட்டியா இருந்தாலும் மண்ணோட அடிப்பாகத்துல ஒரு பட்டை எப்பவும் சொதசொதன்னு ஈரமா இருக்கும், மண்ணோட மெல்லிய துவாரம் தண்ணியைப் புடிச்சு வெச்சிருக்கும், மேல முழுசா நிரம்பி வழிஞ்சாத்தான் அது கீழ இருக்கிற பெரிய கல் இடுக்குக்கு இறங்கும். 35 செ.மீ ஆழ டப்ல 10 செ.மீ ஜல்லி போட்டீங்கன்னா அந்த ஈரப்பட்டை 10 செ.மீ மேல ஏறி வந்து வேர்கிட்டயே உட்கார்ந்துக்குது, அவ்வளவுதான் நடந்தது. பாத்டப் ஏற்கனவே ஆழம் கம்மி, அதுல போய் இடத்தை கல்லுக்கு கொடுக்கிறது அநியாயம். ஓட்டை மேல வலை, அது மேல நேரா மண்கலவை, அவ்வளவு போதும்.

கலவைதான் விஷயம். வெறும் தோட்டத்து மண்ணை மட்டும் ரொப்பினா டப்புக்குள்ள அது இறுகி கட்டியாயிடும். மூணுல ஒரு பங்கு மண், ஒரு பங்கு கோகோபீட் (தேங்கா நார்த்தூள்), மீதி ஒரு பங்குல மக்கின உரமும் பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) பருமணலோ பாதி பாதி, இந்த கணக்கு பெரும்பாலான பூச்செடிக்கு ஒத்து வரும். களிமண்ணா இருந்தா மண் பங்கை இன்னும் குறைங்க.

தண்ணி ஊத்தின அடுத்த நிமிஷமே அடியில கொட்டிடுது, மண்ணைத் தோண்டினா உள்ள காஞ்சிருக்கு

இது முன்னாடி சொன்னதுக்கு உல்டா. கோகோபீட் அதிகமா இருக்கிற கலவை ஒரு தடவை முழுசா காஞ்சு போனா சுருங்கி டப்போட பக்கவாட்டை விட்டு விலகிடும், ஒரு விரல் நுழையற அளவுக்கு கூட இடைவெளி விழும், ஊத்தற தண்ணி அந்த சந்துல வழிஞ்சு நேரா ஓட்டைக்கு போயிடும், நடுவுல இருக்கிற வேருக்கு ஒண்ணும் கிடைக்காது. அடியில தண்ணி வருதே, போதும்னு நாமளும் நிறுத்திடுவோம்.

இங்கதான் பாத்டப் பாத்டப்பா இருக்கிறதோட லாபம். வேஸ்ட் கப்ளிங்கோட கீழ்ப்பக்கம் மரை இருக்கும், அதுல ஒரு எண்ட் கேப்பை முறுக்கி மூடிட்டு, மெதுவா தண்ணியை விட்டு மண்ணு மேல வரைக்கும் ஏற விடுங்க, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும், ஒரு அரை மணி நேரம் ஊற வெச்சுட்டு கேப்பைக் கழட்டிடுங்க. கழட்ட மறக்காதீங்க, ராத்திரி முழுக்க விட்டா அப்புறம் அடுத்த வியாதிக்கு போகணும். எக்ஸ்ட்ரா ஓட்டை போட்ட டப்ல இந்த வேலை நடக்காது, அங்க பத்து பத்து நிமிஷம் இடைவெளி விட்டு கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு தடவை ஊத்தணும், முதல் தடவை தண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் சோப் சில சொட்டு கலந்தா சீக்கிரம் ஊறும். பக்கவாட்டு சந்துல புது கலவையைப் போட்டு விரலால அமுக்கி அடைச்சுடுங்க.

ஒரு பக்கம் செழிப்பா இருக்கு, இன்னொரு பக்கம் மட்டும் காயுது

நோய் இல்ல, டப்போட ஷேப். குழாய் இருந்த பக்கம் செங்குத்தா ஆழமா இருக்கும், சாஞ்சு உட்கார்ற பக்கம் சரிவா போய் மண்ணு கனமே சில இடத்துல 10, 15 செ.மீ தான் தேறும். சரிவுப் பக்கம் சீக்கிரம் காயும், ஆழமான பக்கம் ஈரம் தங்கும், இதை மாத்த முடியாது, செடியை மாத்துங்க. சரிவுல பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி மாதிரி காய்ச்சல் தாங்கறதை வைங்க, ஆழத்துல ரோஜா, செம்பருத்தி. நடுவுல செண்டுமல்லி, செவ்வந்தி. ஒரே செடியை வரிசையா நட்டு நீளத்துக்கு ஒரே மாதிரி வரணும்னு எதிர்பார்த்தா கடைசி வரைக்கும் அந்த பக்கம் குட்டையாத்தான் இருக்கும்.

மத்தியானம் துவண்டு போகுது

சாயங்காலம் வெயில் இறங்கினதும் தானா நிமிர்ந்துடுச்சுன்னா சூடுதான் காரணம், பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலயும் துவண்டே இருந்து மண்ணு ஈரமா இருந்துச்சுன்னா வேர் அழுகல். மண்ணு காஞ்சிருந்தா தண்ணி. இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்காம, வாடினாலே தண்ணி ஊத்தறதுதான் அழுகற செடியை சாகடிக்கிற வழி.

இரும்பு டப் நேர் வெயில்ல சீக்கிரம் சூடேறும், ஓரத்துல இருக்கிற வேர் அதைத்தான் தொட்டுட்டு இருக்கு. வெளிய டார்க் கலர் பெயிண்ட் அடிச்சா பார்க்க அழகுதான், கருப்பு அடிச்ச டப்போட மேற்குப் பக்கத்தை மூணு மணிக்கு கை வெச்சுப் பாருங்க, வெச்ச வேகத்துல எடுத்துடுவீங்க. வெளிர் கலருக்கு மாத்துங்க, இல்ல வெயில் படற பக்கம் தொங்கற செடி வெச்சு மூடுங்க, மண்ணு மேல காஞ்ச இலையோ தேங்கா மட்டை நாரோ அஞ்சு செ.மீ கனத்துக்கு பரப்புங்க.

வேர் அழுகல்னு சந்தேகம் வந்தா ஒரு செடியை மட்டும் எடுத்துப் பாருங்க. வேர் வெள்ளையா விறைப்பா இருந்தா நல்லது. பழுப்பா இருந்து ரெண்டு விரலால உருவினா தோல் மட்டும் கழண்டு உள்ள நூல் மாதிரி நின்னா போயிடுச்சு. பாதி வேராவது நல்லா இருந்தா அழுகினதை வெட்டிட்டு சின்ன தொட்டியில புது கலவையில வெச்சு நிழல்ல தேத்துங்க. டப்ல ஓட்டையை சரி பண்ணாம அதே இடத்துல புதுச்செடி நடறது வீண் செலவு.

இலை மஞ்சளாகுது

எந்த இலைன்னு பாருங்க. அடி இலை மொத்தமா வெளுத்து உதிர்ந்தா ஒண்ணு தண்ணி தேங்கல், இல்ல தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. முதல்ல தேங்கலை ஒதுக்கிட்டு அப்புறம் மண்புழு உரம் ரெண்டு கை பரப்புங்க. அடி இலையில நரம்பு பச்சையா நடுப்பகுதி மட்டும் மஞ்சளானா மக்னீசியம், கோகோபீட் நிறைய போட்ட டப்ல இது சகஜம், சரியா கழுவி பதப்படுத்தாத கோகோபீட் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்கிட்ட இழுத்து வெச்சுக்கும். எப்சம் சால்ட் ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கலந்து ஊத்தலாம்.

புதுசா வர்ற நுனி இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச்சத்து எட்டல. இரும்பு டப்ல வெச்ச செடிக்கு இரும்பு குறைவான்னு சிரிக்காதீங்க, துருவுல இருக்கிற இரும்பு தண்ணியில கரையாது, மண்ணோட பிஹெச் (புளிப்பா காரமான்னு சொல்ற அளவு) ஏழைத் தாண்டினா வேரால எடுக்கிறது ரொம்ப கஷ்டம். உப்புத்தண்ணி, கடினத்தண்ணி ஊத்தற இடத்துல பிஹெச் மெதுவா ஏறிட்டே போகும். கீலேட் பண்ண இரும்பு உரம் (வேர் எடுக்கிற மாதிரி கரையற வடிவத்துல இருக்கிறது) வாங்கி பாக்கெட்ல போட்ட அளவுக்கு கொடுங்க, முடிஞ்சா மழைத்தண்ணியைப் புடிச்சு ஊத்துங்க. ஈரம் தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் இதே மஞ்சள் வரும்ங்கிறதால மறுபடியும் அந்த ஓட்டையைப் பாருங்க.

மண்ணு மேலயும் விளிம்புலயும் வெள்ளையா உப்பு பூக்குது, இலை நுனி கருகுது

உரமும் தண்ணியில இருக்கிற உப்பும் சேர்ந்தது. மேல இருக்கிற வெள்ளை அடுக்கை ரெண்டு செ.மீ சுரண்டி எடுத்துட்டு, வழி நல்லா திறந்திருக்கான்னு உறுதி பண்ணிட்டு, தண்ணியை மெதுவா நிறைய விட்டு அடியில தாராளமா ஓட விடுங்க. அரைகுறையா ஊத்தினா உப்பு கீழ இறங்கிட்டு காஞ்ச உடனே திரும்ப மேல வரும். காஞ்ச மண்ணுல உரம் போடறதை நிறுத்துங்க, நனைச்சுட்டு போடுங்க, அதுவும் பாதி அளவுல.

இலை தளதளன்னு இருக்கு, பூவே வரல

வெயில் எவ்வளவு நேரம் விழுதுன்னு பாருங்க, பெரும்பாலான பூச்செடிக்கு தினம் ஆறு மணி நேரம் வேணும், டப்பை நகர்த்த முடியாதுங்கிறதால நம்மாளுங்க செவுத்தோரமா எங்க இடம் கிடைச்சுதோ அங்கயே வெச்சுட்டு பூவை எதிர்பார்ப்பாங்க. வெயில் சரியா இருந்தா தழைச்சத்து ஜாஸ்தி. சாணி உரம், யூரியா எதுவானாலும் நிறுத்திட்டு சாம்பல்சத்து (பொட்டாஷ்) கூடின உரத்துக்கு மாறுங்க. பெட்டூனியா, செண்டுமல்லி எல்லாம் வாடின பூவை கிள்ளி எடுத்தாத்தான் அடுத்த மொட்டு சீக்கிரம் வரும், விதை கட்ட விட்டா அதோட வேலை முடிஞ்சுதுன்னு உட்கார்ந்துக்கும். நித்தியகல்யாணிக்கு இது தேவையில்ல, தானா உதிர்த்துக்கும்.

செவ்வந்தி மட்டும் பூக்கலன்னா ராத்திரி லைட்டைப் பாருங்க. அதுக்கு மொட்டு கட்ட நீளமான இருட்டு ராத்திரி வேணும், வராண்டா பல்பு விடிய விடிய அது மேல எரிஞ்சிட்டு இருந்தா இலையா தள்ளிட்டே இருக்கும். பல்பை அணைச்சுப் பாருங்க, உரம் மாத்தறதெல்லாம் அப்புறம்.

கொசு, குட்டிக் கருப்பு ஈ, எறும்பு

கொசு மண்ணுல வராது, தேங்கின தண்ணியில வரும். அடியில தண்ணி புடிக்க ட்ரே வெச்சிருந்தா அதுதான் இடம், முட்டையிலிருந்து கொசுவா பறக்க வெப்பமான காலத்துல ஏழு முதல் பத்து நாள் போதும், அதனால வாரம் ஒரு தடவையாவது ட்ரேயைக் கவுத்து தேய்ச்சு காய வைங்க. முட்டை ஓரத்துல ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினா போகாது.

மண்ணைத் தொட்டா குபுக்குன்னு கிளம்பற குட்டிக் கருப்பு ஈ ஃபங்கஸ் நேட். புழு மேல் மண்ணுல அஞ்சு செ.மீக்குள்ள இருக்கும், மேல் மண்ணை ரெண்டு விரல்கட்டை ஆழத்துக்கு காய விட்டு அப்புறம் தண்ணி ஊத்தற பழக்கத்துக்கு வந்தாலே குறையும். மஞ்சள் ஒட்டு அட்டை வெச்சா பறக்கறது மாட்டும், புழு மாட்டாது, அதனால மூணு நாலு வாரம் விடாம செய்யணும்.

எறும்பு கூடு கட்டியிருந்தா மண்ணு உள்ள காஞ்சு கிடக்குன்னு அர்த்தம், மேல சொன்ன ஊற வைக்கிற வைத்தியம் பண்ணா வீட்டை காலி பண்ணிட்டு போயிடும். செடி மேல ஏறி இறங்கிட்டு இருந்தா இலைக்கு அடியில அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும், அதைத்தான் அது மேய்ச்சிட்டு இருக்கு, பூச்சியை வேகமான தண்ணியில அடிச்சுட்டு வேப்பெண்ணெய் கரைசல் தெளிங்க, சாயங்காலமா.

காளான் முளைச்சா ஒண்ணும் ஆகாது. மக்கற வேலை நடக்குது, அவ்வளவுதான். குழந்தை, நாய் இருக்கிற வீடுன்னா பிடுங்கிப் போடுங்க.

மண்ணு மட்டம் இறங்கிட்டே போகுது

கோகோபீட்டும் உரமும் மக்கி சுருங்கறது. வருஷத்துக்கு ஒரு தடவை மேல ரொப்புங்க, தண்டுக்கழுத்து புதையாம.

துரு வடியுது, எனாமல் பெயருது

துரு செடிக்கு கெடுதல் இல்ல, தரையில கறை விழறதுதான் தலைவலி. வெளிப்பக்கம்னா லூசா இருக்கிற துருவை ஒயர் பிரஷ்ல தேய்ச்சுட்டு பிரைமர் ஒரு கோட்டு, மேல பெயிண்ட். ரொம்ப பழைய டப்பா இருந்தா வெளிப்பூச்சுலயும் பீங்கான் பூச்சுலயும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால காஞ்ச நிலையில உப்புத்தாள் போட்டு தேய்ச்சு தூசியைக் கிளப்பாதீங்க, ஈரமா தேய்ங்க, மாஸ்க் போடுங்க. இதே காரணத்தாலதான் இந்த மாதிரி டப்ல பூ மட்டும் போதும், கீரை காய்கறி வேண்டாம்னு சொல்றேன். யாராவது என் டப்ல கீரை நல்லா வருதுன்னு சொன்னா வரும்தான், செடிக்கு ஒண்ணும் ஆகாது, சாப்பிடறது நாமதானே.

பக்கவாட்டு வயிறு தள்ளுது, அடியில விரிசல்

அக்ரிலிக், ஃபைபர் டப் மட்டும்தான் இப்படி பண்ணும். பாத்ரூம்ல அதுக்கு கீழ ஃப்ரேம் இருந்துச்சு, சுத்தி சுவர் தாங்கிச்சு, வெளிய கொண்டு வந்து நாலு செங்கல் மேல தொங்க விட்டா அடித்தகடு தொய்யும். கணக்கு போட்டுப் பாருங்க: உள்ள 140 செ.மீ நீளம், 50 அகலம், 35 ஆழம்னா 245 லிட்டர், சரிவு போக சுமார் 180 லிட்டர் மண்ணு புடிக்கும், ஈரமான கலவை லிட்டருக்கு 1.3 கிலோன்னு வெச்சா 230 கிலோவுக்கு மேல. அடி முழுக்க தாங்கற மாதிரி மணல் மெத்தையோ நெருக்கமா பலகையோ இருக்கணும், ஓட்டைக்கு மட்டும் சந்து விடுங்க. வயிறு தள்ற பக்கத்துக்கு வெளியில ரெண்டு மரக்கட்டையை நிறுத்தி, மேல விளிம்புக்குக் கீழ பெல்ட் போட்டு இழுத்துக் கட்டலாம். சின்ன விரிசல்னா தண்ணி போக எக்ஸ்ட்ரா வழின்னு விட்டுடலாம், நீண்டுட்டே போனா விரிசல் முடியற நுனியில 4 எம்எம் ஓட்டை ஒண்ணு போட்டா அங்க நிக்கும்.

இதே 230 கிலோவை மாடியில வெச்சிருக்கிறவங்க இன்னொரு தடவை யோசிங்க. சாதாரண வீட்டுத்தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைன்னுதான் பல இடத்துல டிசைன் பண்றாங்க, டப் உட்கார்ற இடமே ஒரு சதுர மீட்டர்தான், டப்போட எடையும் சேர்ந்தா காஸ்ட் அயர்ன்னா 350 கிலோவைத் தாண்டும். தளத்துக்கு கீழ சீலிங்ல புதுசா கீறல், ஈரக்கறை தெரிஞ்சா அன்னைக்கே மண்ணைக் குறைங்க, இன்ஜினியரைக் கூப்பிட்டு பீம் எங்க போகுதுன்னு கேளுங்க. பால்கனி நுனியில காஸ்ட் அயர்ன் டப் வைக்கிறதை நான் எந்த நிலையிலயும் ஒத்துக்க மாட்டேன்.

எதுவும் சரியாகல, கொட்டிட்டு திரும்ப ஆரம்பிக்கணுமா

அடியில கருப்பா நாத்தம், ஓட்டை போட இடமில்லாத அளவுக்கு ஜல்லி, மண்ணு செங்கல் மாதிரி இறுகினது, இந்த மூணுல ரெண்டு இருந்தா ஆமா, கொட்டிடுங்க. நாறின மண்ணைத் தூக்கிப் போட வேண்டாம், தார்ப்பாய்ல பரப்பி ரெண்டு வாரம் வெயில்ல காய விட்டா நாத்தம் போயிடும், புது கலவையில மூணுல ஒரு பங்கா சேர்த்துக்கலாம். டப் காலியா இருக்கும்போதே விளிம்பை மட்டம் பார்த்து, ஓட்டையெல்லாம் போட்டு, ரெண்டு பக்கெட் தண்ணியை சரிவுப் பக்கத்துலயிருந்து ஊத்திப் பாருங்க, எங்கயாவது குட்டையா நின்னா அந்த இடத்துல ஒரு ஓட்டை, நிக்காம போனா மண்ணை ரொப்புங்க, விளிம்புக்கு நாலு விரல் கீழ வரைக்கும். நட்ட பிறகு புது இலை வெடிக்கிற வரைக்கும் உரம் பக்கமே போகாதீங்க.